முள் ஏன் பொய் சொல்கிறது? பழைய கார் மீட்டர்களைப் புரிந்துகொள்ள ஒரு தொடக்கம்

பழைய கார் ஒன்றில் பெட்ரோல் மீட்டர் மக்கர் செய்தால், சுற்றி நிற்பவர்கள் சொல்வது இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். “எங்கேயோ ஷார்ட் ஆகுது.” இல்லையென்றால், “மீட்டர் போச்சு, மாத்திடுங்க.” ஷார்ட் என்ற சொல்லை நாம் எல்லா மின்கோளாறுக்கும் பொதுப்பெயராக வைத்துவிட்டோம். ஒயர் அறுந்தாலும் ஷார்ட், ஸ்க்ரூ துருப்பிடித்தாலும் ஷார்ட், ஃப்யூஸ் போனாலும் ஷார்ட். அப்புறம் டேஷ்போர்டைக் கழற்றி, ஐம்பது வருஷம் உழைத்த அசல் மீட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை வாங்கி மாட்டுகிறார்கள். முள் பழையபடியே படுத்துக் கிடக்கிறது.

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. அந்த மீட்டர்கள் லேசில் திரும்பக் கிடைக்காதவை. அவற்றுக்குள் பழுது வருவதும் குறைவு. கோளாறு பெரும்பாலும் வெளியே, யாரும் பார்க்காத ஒரு ஸ்க்ரூவுக்கு அடியில் இருக்கும். அடிப்படை புரிந்துவிட்டால், வோல்ட், ஓம் போன்றவற்றை அளக்கும் ஒரு மல்டிமீட்டரையும் சின்ன பல்ப் ஒன்றையும் வைத்து நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

1960-களின் நடுவிலிருந்து வந்த பிரிட்டிஷ் கார்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன். மினி, மோரிஸ் மைனர், டிரையம்ஃப், எம்ஜி என்று பெயர்கள் வேறாக இருந்தாலும், இவற்றின் மீட்டர்கள் பெரும்பாலும் ஸ்மித்ஸ் கம்பெனியுடையவை. ஒயர்களின் நிறங்கள் லூகாஸ் என்ற மின்பொருள் கம்பெனியின் முறைப்படி இருக்கும். அதனால் ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவையும் புரியும். 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், டிரையம்ஃப் ஹெரால்டின் நம் ஊர் வடிவம். அம்பாசடரின் மூலம் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட். ஆண்டுக்கு ஆண்டு மீட்டரின் வகை மாறியிருக்கும் என்றாலும், கோளாறு தேடும் முறை அந்த வண்டிகளுக்கும் இதேதான்.

## வீட்டில் இரண்டு ஒயர், காரில் ஒன்று

வீட்டில் ஒரு பல்ப் எரிய இரண்டு ஒயர் வேண்டும். ஒன்றில் கரண்ட் வரும், இன்னொன்றில் திரும்பிப் போகும். போகிற வழி அறுந்தாலும் சரி, வருகிற வழி அறுந்தாலும் சரி, பல்ப் எரியாது. இப்படிப் போய்த் திரும்பும் முழு வட்டத்துக்குச் சுற்று என்று பெயர்.

காரில் பெரும்பாலான பொருள்களுக்கு ஒரே ஒயர்தான் போகும். திரும்பும் வழி காரின் இரும்பு உடம்பு. பேட்டரியின் ஒரு முனை பாடியோடு இணைந்திருக்கும். பல்ப், ஹாரன், மீட்டர் எல்லாம் வாங்கிய கரண்டைப் பாடி வழியாகவே பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகின்றன. இந்தத் திரும்பும் வழியைத்தான் மெக்கானிக்குகள் ‘எர்த்’ என்கிறார்கள்.

குழப்பம் தொடங்குவதே இந்தப் பெயரில்தான். வீட்டில் எர்த் என்பது பாதுகாப்புக்காகப் போடும் மூன்றாவது ஒயர்; அது இல்லாவிட்டாலும் மிக்ஸி சுற்றும். காரில் எர்த் என்பது வீட்டு நியூட்ரலின் வேலையைச் செய்வது. அது இல்லையென்றால் எதுவும் ஓடாது. “எர்த்துதானே, பரவாயில்லை” என்று வீட்டுப் பழக்கத்தில் விட்டுவிடுகிறவர்கள் பாதிக் கோளாறை அங்கேயே தவற விடுகிறார்கள்.

## பெட்ரோல் திருப்பும் ரெகுலேட்டர்

பழைய சீலிங் ஃபேனுக்குச் சுவரில் ஒரு பெரிய கறுப்புப் பெட்டி இருக்குமே, அந்த ரெகுலேட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கம்பிச் சுருள். குமிழை ஒன்றில் வைத்தால் கரண்ட் நீளமான கம்பி வழியாகத் திணறிப் போகும், ஃபேன் மெதுவாகச் சுற்றும். ஐந்தில் வைத்தால் தடை இல்லை, வேகமாகச் சுற்றும். கரண்டைத் திணற வைக்கும் இந்தத் தன்மைக்கு மின்தடை என்று பெயர். அதை ஓம் என்ற அலகில் அளக்கிறோம்.

பெட்ரோல் டேங்குக்குள் இருப்பதும் இப்படி ஒரு ரெகுலேட்டர்தான். குமிழைத் திருப்புவது நம் கை அல்ல, பெட்ரோல். ஒரு மிதவை, அதைத் தாங்கும் கம்பிக் கை, அந்தக் கையின் மறுமுனை உரசிக்கொண்டு நகரும் ஒரு கம்பிச் சுருள். மொத்தமாக இதை டேங்க் ஃப்ளோட் என்பார்கள். ஸ்மித்ஸ் வகையில் டேங்க் காலியாக இருந்தால் தடை ஏறக்குறைய 240 ஓம். நிறைந்திருந்தால் 20 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். பெட்ரோல் ஏற ஏறத் தடை குறையும், கரண்ட் கூடும்.

இன்ஜின் சூட்டைக் காட்டும் ஹீட் மீட்டருக்கு, இன்ஜினில் இருக்கும் ஹீட் சென்சார் அதே வேலையைச் செய்கிறது. அதற்கு மிதவை இல்லை. சூடானால் தானாகவே தடை குறைந்துவிடும் ஒரு பொருள் உள்ளே இருக்கிறது.

## இஸ்திரிப் பெட்டியில் இருக்கும் அதே தகடு

சரி, கரண்ட் கூடினால் முள் எப்படி நகர்கிறது? பலர் காந்தம் என்று நினைக்கிறார்கள். இந்த வகை மீட்டரில் காந்தமே இல்லை, சூடுதான்.

இஸ்திரிப் பெட்டி சூடானதும் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வந்து விளக்கு அணையும். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ‘டிக்’, விளக்கு எரியும். அந்த ‘டிக்’ ஓர் இரட்டை உலோகத் தகட்டின் வேலை. சூட்டில் அதிகம் நீளும் உலோகம் ஒன்று, குறைவாக நீளும் உலோகம் ஒன்று, இரண்டையும் முதுகோடு முதுகு ஒட்டினால் சூடாகும்போது தகடு ஒரு பக்கமாக வளையும். ஆறினால் நிமிரும்.

மீட்டருக்குள் அப்படி ஒரு சின்னத் தகடு, அதன் மேல் மெல்லிய கம்பி சுற்றியிருக்கிறது. கம்பியில் கரண்ட் போனால் சூடாகும், தகடு வளையும், வளைவு முள்ளைத் தள்ளும். சாவியைத் திருப்பியதும் முள் அரை நிமிடம் எடுத்துக்கொண்டு நிதானமாக ஏறுவதற்குக் காரணம் இதுதான். வளைவில் திரும்பும்போது டேங்கில் பெட்ரோல் தளும்பினாலும் முள் ஆடாது. தகடு சூடாகவும் ஆறவும் நேரம் வேண்டுமே. எளிமையான, அழகான ஏற்பாடு என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் அதில் ஒரு சிக்கல். இன்ஜின் ஓடாதபோது பேட்டரி 12 வோல்ட் சுமாருக்கு இருக்கும். ஓடும்போது 14 வரை போகும். வோல்ட் சற்றே கூடினாலும் சூடு அதைவிட அதிக விகிதத்தில் கூடும். 12 என்பது 14 ஆனால் சூடு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகமாகிறது. ஆக்சிலேட்டரை மிதித்தாலே டேங்கில் பெட்ரோல் ஏறியதுபோல முள் காட்டும். அதனால்தான் ஸ்டெபிலைசர் வந்தது.

## டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு ஸ்டெபிலைசர்

ஃபிரிட்ஜுக்குப் போடும் ஸ்டெபிலைசர் நமக்கெல்லாம் தெரிந்ததே. காரில் இருப்பது தீப்பெட்டியை விடச் சின்னத் தகரப் பெட்டி. வீட்டு ஸ்டெபிலைசர் வோல்டேஜைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும். இது குறைக்க மட்டுமே செய்யும். உள்ளே வருவது 12 ஆனாலும் 14 ஆனாலும் வெளியே சராசரியாக 10 வோல்ட்.

‘சராசரியாக’ என்பதைக் கவனியுங்கள். உள்ளே இருப்பது மறுபடியும் அதே இஸ்திரிப் பெட்டித் தகடு. முழு வோல்டேஜும் வெளியே போகும். அதே நேரம் ஒரு கம்பிச் சுருள் தகட்டைச் சூடாக்கும். தகடு வளைந்து தொடர்பை வெட்டும். ஆறியதும் மறுபடி சேரும். விட்டு விட்டுப் போகும் கரண்ட்தான். மீட்டரின் தகடு மெதுவாகச் சூடாவதால் அதற்கு இந்த விட்டு விட்டு வருவது தெரியாது, 10 வோல்ட் சீராக வருவதாகவே எடுத்துக்கொள்ளும்.

அந்தச் சூடாக்கும் சுருளுக்கும் எர்த் வேண்டும். ஸ்டெபிலைசரின் தகர உடம்பு, அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ, அங்கிருந்து பாடி, இதுதான் அதன் எர்த் வழி. அந்த ஸ்க்ரூவைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துப் பார்த்தால் வரிசை இது: பேட்டரி, ஃப்யூஸ், ஸ்டெபிலைசர், மீட்டர், ஒயர், டேங்க் ஃப்ளோட், எர்த், மறுபடி பேட்டரி. பெட்ரோல் மீட்டரும் ஹீட் மீட்டரும் ஒரே ஸ்டெபிலைசரிலிருந்து பிரிந்து, ஒவ்வொன்றும் தன் வழியில் போகும். தடை குறைந்தால் முள் ஏறும், தடை கூடினால் இறங்கும்.

## அறுந்ததா, உரசியதா, துருவா?

இப்போது ஷார்ட் என்ற சொல்லுக்கு வருவோம். மீட்டரிலிருந்து டேங்குக்குப் போகும் ஒயரில் மூன்று விதமாகக் கோளாறு வரலாம், மூன்றும் முள்ளில் மூன்று விதமாகத் தெரியும்.

ஒயர் அறுந்தால் கரண்டுக்கு வழியே இல்லை. முள் காலியில் படுத்துவிடும். இதற்குப் பெயர் திறந்த சுற்று. இது ஷார்ட் இல்லை.

ஒயரின் மேலுறை தேய்ந்து, உள்கம்பி காரின் இரும்பில் உரசினால், கரண்ட் டேங்க் வரை போகாமல் குறுக்கு வழியில் எர்த்துக்குப் போய்விடும். ஷார்ட் என்றால் உண்மையில் இதுதான், குறுக்குச் சுற்று. தடையே இல்லாததால் முள் ‘ஃபுல்’லைத் தாண்டிப் போய் முட்டிக்கொண்டு நிற்கும்.

மூன்றாவது, எர்த் துருப்பிடிப்பது. வழி இருக்கிறது, ஆனால் துருவும் பெயின்டும் கூடுதல் தடையாக வந்து சேர்கின்றன. முள் உண்மையை விடக் குறைவாகக் காட்டும், ஒருநாள் சரியாகவும் மறுநாள் தப்பாகவும் இருக்கும். நான் பார்த்த வரையில் அதிகம் வருவது இந்த மூன்றாவதுதான்.

ஆக, முள் செத்துக் கிடக்கும் காரைப் பார்த்து டேங்க் ஒயர் ஷார்ட் என்று ஒருவர் சொன்னால் அது இருக்கவே முடியாது. அந்த ஒயர் ஷார்ட் ஆனால் முள் மேலேதான் போகும்.

## இரண்டு முள்ளும் சேர்ந்தா, ஒன்று மட்டுமா?

எந்தக் கருவியையும் கையில் எடுக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. இரண்டு மீட்டரும் ஒன்றாகத் தப்புக் காட்டினால், இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் கோளாறு. ஒன்று மட்டும் தப்பென்றால் அதன் சொந்த வழியில்.

இரண்டும் செத்துக் கிடந்தால் இண்டிகேட்டரையும் பிரேக் லைட்டையும் போட்டுப் பாருங்கள். இந்தக் கார்களில் பெரும்பாலும் இவை எல்லாம் பச்சை ஒயரில், ஒரே ஃப்யூஸின் கீழ் வரும். அவையும் எரியவில்லையா, ஃப்யூஸைப் பாருங்கள். எரிகின்றன என்றால் ஸ்டெபிலைசர்.

இரண்டும் அளவுக்கு மேல் காட்டினால்? நண்பர் ஒருவரின் மினியில் இதுதான் நடந்தது. பெட்ரோல் எப்போதும் முக்கால் டேங்குக்கு மேல் காட்டியது. ஹீட் மீட்டர் சிவப்புக்குப் பக்கத்தில் நின்றது. இன்ஜின் கொதிக்கிறது என்று நினைத்து அவர் ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவி, தெர்மோஸ்டாட்டையும் மாற்றிவிட்டார். ஹீட் முள் இறங்கவில்லை. பெட்ரோல் முள்ளும் அதே நேரத்தில் ஏறியிருந்ததை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. ரேடியேட்டருக்கும் பெட்ரோல் டேங்குக்கும் என்ன சம்பந்தம்? இரண்டு மீட்டருக்கும் பொதுவானது ஸ்டெபிலைசர் ஒன்றுதான்.

பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு ஸ்பீடோமீட்டர் பெட்டியின் முதுகைப் பார்த்தோம். ஸ்டெபிலைசரைப் பிடித்திருந்த ஸ்க்ரூவின் அடியில் ஒரு கறுப்பு ஒயர், எர்த். அதன் வளையத்தில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. ஸ்க்ரூவைக் கழற்றி, வளையத்தையும் தகரத்தையும் உப்புத்தாளால் செம்பும் வெள்ளையும் தெரியும் வரை தேய்த்து மறுபடி முடுக்கினோம். பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினால், பெட்ரோல் முள் கால் டேங்கில் போய் நின்றது. நண்பர் முந்தின நாள் ஊற்றிய கணக்குக்கு அதுதான் சரி.

எர்த் இல்லாததால் ஸ்டெபிலைசரின் தகடு சூடாகவில்லை, சூடாகாததால் வளையவில்லை, வளையாததால் கரண்டை வெட்டவே இல்லை. 10 வோல்டுக்குப் பதில் முழு 14 வோல்டும் மீட்டர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. மற்ற இடங்களில் எர்த் போனால் முள் இறங்கும், இங்கே மட்டும் ஏறும். தொடக்கக்காரர்களை அதிகம் ஏமாற்றுவது இதுதான்.

ஸ்டெபிலைசர் வேலை செய்கிறதா என்று பார்க்க, மீட்டர் விளக்குக்குப் போடும் 2.2 வாட் பல்ப் ஒன்று போதும். ஒரு முனையை எர்த்திலும் மறுமுனையை ஸ்டெபிலைசரிலிருந்து மீட்டருக்குப் போகும் இளம்பச்சை ஒயரின் முனையிலும் வைத்துச் சாவியைத் திருப்புங்கள். முதலில் சில நொடி தொடர்ந்து எரியும், அப்புறம் மினுக்க ஆரம்பிக்கும். மினுக்கினால் நல்லது. மினுக்காமல் எரிந்துகொண்டே இருந்தால் எர்த் இல்லை, அல்லது உள்ளே ஒட்டிக்கொண்டுவிட்டது. எரியவே இல்லையென்றால், உள்ளே கரண்ட் வருகிறதா என்று பச்சை ஒயரின் முனையில் பல்பை வைத்துப் பாருங்கள். வந்தும் வெளியே போகவில்லை என்றால் ஸ்டெபிலைசர் போய்விட்டது. டிஜிட்டல் மல்டிமீட்டரை வைத்தால் எண்கள் தாறுமாறாக ஓடும். அதைக் கோளாறு என்று நினைக்காதீர்கள், விட்டு விட்டு வரும் கரண்டை அதனால் ஒழுங்காகப் படிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஸ்டெபிலைசர் போய்விட்டால், 7810 என்ற எண்ணுள்ள மூன்று கால் ஐசி (சின்ன மின்னணுச் சில்லு) ஒன்றைப் பழைய தகரப் பெட்டிக்குள்ளேயே வைத்து மாற்றிக்கொள்பவர்கள் உண்டு. சீராக 10 வோல்ட் தரும், விலையும் குறைவு. ஆனால் 1960-களின் பிற்பகுதி வரை பல பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இருந்தது. அந்தக் காரில் 7810 ஆகாது. பழைய தகடு வகைக்கு மட்டும் எந்தப் பக்கமாக இருந்தாலும் கவலையில்லை.

## ஒரு முள் மட்டும் படுத்தால்

பெட்ரோல் மீட்டர் மட்டும் காலியில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டேங்கிலிருந்து மீட்டரை நோக்கிப் பின்னால் நகர்ந்துகொண்டே வர வேண்டும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. டேங்க் பக்கத்தில் பெட்ரோல் ஆவி இருக்கும், ஒரு பொறி போதும். எதைக் கழற்றினாலும் மாட்டினாலும் சாவி அணைந்திருக்க வேண்டும். எர்த் கொடுக்கும் முனை டேங்கை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். எல்லாம் மாட்டி முடித்த பிறகே சாவி.

டேங்க் ஃப்ளோட்டிலிருந்து கறுப்புக் கோடு போட்ட பச்சை ஒயரைக் கழற்றுங்கள். அதன் முனைக்கும் சுத்தமான பாடி இரும்புக்கும் நடுவே 68 ஓம், ஒரு வாட் ரெசிஸ்டர் (குறிப்பிட்ட அளவு தடை தரும் சின்னப் பொருள்) ஒன்றை மாட்டுங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். சாவியைத் திருப்பி ஒரு நிமிடம் பொறுங்கள். முள் பாதி டேங்கின் பக்கம் வந்து நின்றால், ஒயரும் மீட்டரும் ஸ்டெபிலைசரும் நன்றாக இருக்கின்றன. கோளாறு ஃப்ளோட்டில் அல்லது அதன் எர்த்தில். ஒயரை நேராகப் பாடியில் வைத்துப் பார்க்கும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. முள் ஃபுல்லைத் தாண்டி அடிக்கும். சில நொடிக்கு மேல் வைத்தால் உள்ளே இருக்கும் மெல்லிய சுருளுக்கு ஆபத்து. ரெசிஸ்டர் இருக்கும்போது அந்த வம்பு எதற்கு?

முள் அசையவில்லையா? அதே ரெசிஸ்டரை மீட்டரின் முதுகில், அந்த ஒயர் வந்து சேரும் முனையில் மாட்டிப் பாருங்கள். இப்போது ஏறினால் நடுவில் ஒயர் அறுந்திருக்கிறது. அப்போதும் ஏறவில்லை, மீட்டரின் மறுமுனையில் பல்ப் மினுக்குகிறது என்றால்தான் மீட்டர் மேல் சந்தேகப்பட வேண்டும். வரிசையில் அது கடைசி என்பதைப் பாருங்கள்.

முள் எப்போதும் ஃபுல்லில் நின்றால் சோதனை இன்னும் எளிது. டேங்கில் ஒயரைக் கழற்றிவிடுங்கள். முள் காலிக்கு இறங்கினால் ஃப்ளோட்டுக்குள் ஷார்ட். இறங்காவிட்டால் ஒயர் எங்கோ பாடியில் உரசுகிறது.

ஃப்ளோட்டையே கழற்ற வேண்டி வந்தால், முதலில் அதன் எர்த்தைச் சுத்தம் செய்துவிட்டு முயலுங்கள். டேங்குக்குப் பெயின்ட் அடித்த பிறகு மீட்டர் செத்துப்போன கதைகள் ஏராளம். புது பெயின்ட் எர்த்தை மூடிவிடுகிறது. மினி, எம்ஜி போன்ற கார்களில் ஃப்ளோட் டேங்கின் பக்கவாட்டில் இருப்பதால், பெட்ரோலைக் குறைக்காமல் கழற்றினால் எல்லாம் வெளியே கொட்டிவிடும். வெளியே எடுத்ததும் மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே தளும்பும் சத்தம் கேட்டால் ஓட்டை. மூழ்கும் மிதவை எப்போதும் காலி என்றே சொல்லும். முள் ஓர் இடத்தில் மட்டும் திடீரென்று விழுகிறது என்றால், அந்த இடத்தில் சுருள் தேய்ந்து அறுந்திருக்கும்.

## ஹீட் மீட்டரில் மட்டும் கவனிக்க வேண்டியது

சோதனை முறை அதேதான். ஒயர் மட்டும் நீலக் கோடு போட்ட பச்சை. இந்தச் சென்சார் தன் மரையின் வழியாகவே எர்த் எடுத்துக்கொள்கிறது. கசியக் கூடாது என்று டெஃப்லான் டேப்பைத் தடிமனாகச் சுற்றி மாட்டினால் எர்த் தடைபட்டு, முள் குறைவாகக் காட்டும்.

குறைவாகக் காட்டுவதுதான் ஆபத்தானது. பெட்ரோல் முள் பொய் சொன்னால் வழியில் நிற்போம். ஹீட் முள் பொய் சொன்னால் இன்ஜின் போய்விடும். இன்னொன்று, தண்ணீர் வற்றிப் போய்ச் சென்சார் காற்றில் நின்றால், இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே முள் இறங்கும். ஓடும் வண்டியில் ஹீட் முள் காரணமில்லாமல் திடீரென்று விழுந்தால், மின்கோளாறு என்று நினைக்கும் முன் வண்டியை நிறுத்துங்கள். இன்ஜின் ஆறிய பிறகு தண்ணீரைப் பாருங்கள்.

## இந்தக் கணக்கில் வராதவை

எல்லா மீட்டரும் கரண்டில் ஓடுவதில்லை. ஸ்பீடோமீட்டர் கேபிளில் சுற்றுகிறது. பல கார்களில் ஆயில் மீட்டருக்கு ஒரு மெல்லிய குழாய் வழியாக ஆயிலே வந்து சேரும். சில ஹீட் மீட்டர்களில் ஈதர் அடைத்த நுண்குழாய் இன்ஜினிலிருந்து மீட்டர் வரை ஒரே துண்டாகப் போகும். ஒயர் என்று நினைத்து அதை வெட்டிவிடாதீர்கள், மீட்டரே போய்விடும்.

அதேபோல, சாவியைத் திருப்பியதும் முள் சட்டென்று எகிறி, வளைவுகளில் ஆடினால், அது காந்தச் சுருள் வகை. 1960-களின் முற்பகுதி வரையான ஸ்மித்ஸ் மீட்டர்களும், அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களும் இப்படி. அவற்றுக்கு ஸ்டெபிலைசர் கிடையாது, கணக்கும் தலைகீழ். ஒயர் அறுந்தால் ஃபுல், எர்த்தில் பட்டால் காலி. மேலே சொன்ன சோதனைகளைச் செய்யும் முன், உங்கள் முள் நிதானமாக ஏறுகிறதா, எகிறுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

## புது ஃப்ளோட் வாங்கப் போகும்போது

மல்டிமீட்டரைக் கையோடு கொண்டுபோங்கள். பொருந்துகிற அளவில் இருக்கிறது என்பதற்காக எதையாவது வாங்கக் கூடாது. பொருந்தினாலும் ஓம் வேறாக இருக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் வகை காலியில் 0, நிறைந்தால் 90. அந்தக் கால ஃபோர்டு வகை காலியில் 73, நிறைந்தால் 10. முதலாவதை ஸ்மித்ஸ் மீட்டரோடு மாட்டினால், டேங்க் காலியாகும்போது முள் ஃபுல் காட்டும். கடையிலேயே மல்டிமீட்டரை ஓமில் வைத்து, ஒரு முனையை ஃப்ளோட்டின் ஒயர் ஆணியிலும் மறுமுனையை அதன் உடம்பிலும் வைத்துக்கொண்டு, மிதவையின் கம்பிக் கையை அடியிலிருந்து மேல் வரை மெதுவாகத் தூக்குங்கள். 240 பக்கம் தொடங்கி, நடுவில் எங்கும் விட்டுப் போகாமல், 20 பக்கம் வந்து நின்றால் காசு கொடுக்கலாம்.